வேறு கம்பெனி ராக்கில் சர்வர் மாட்டப் போகிறீர்களா? முதலில் டேப்பை எடுங்கள்

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகம். அங்கே ராக்கில், அதாவது சர்வர்களை அடுக்கி மாட்டும் இரும்புச் சட்டத்தில், ஒரு சர்வர் மாட்ட வேண்டும். "ராக் ஏற்கெனவே இருக்குதுங்க, ஸ்டாண்டர்டு ராக்தான்" என்று போனில் சொன்னார்கள். அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் என்னோடு வரும் தம்பி சர்வர் பெட்டியைப் பிடித்தபடியே வந்தான். மேலே போய்ப் பார்த்தால் நிற்பது 600 மி.மீ. ஆழமுள்ள நெட்வொர்க் ராக். சர்வரின் உடம்பே 70 செ.மீ.க்கு மேல். பெட்டியைப் பிரிக்காமலே சேலத்துக்குத் திரும்பினோம். அன்றிலிருந்து, ராக்கை அளந்த எண்கள் கைக்கு வராமல் நான் வண்டி எடுப்பதில்லை.

ஸ்டாண்டர்டு என்ற சொல் பொய்யில்லை. ஆனால் அது எதற்கெல்லாம் பொருந்தும் என்று தெரிந்திருக்க வேண்டும். இஐஏ-310 தரத்தின்படி முகப்பின் அகலம் 19 அங்குலம், அதாவது 482.6 மி.மீ. உயரத்தை 'யூ' என்ற அலகில் சொல்வார்கள், ஒரு யூ 44.45 மி.மீ. ஆனால் போஸ்டுகள், அதாவது நான்கு மூலையிலும் துளைகளோடு நிற்கும் தூண்கள், அவற்றில் முன்போஸ்டுக்கும் பின்போஸ்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது ராக்குக்கு ராக் மாறும். துளையின் வடிவமும் மாறும். சர்வர் ஒரு கம்பெனி, ராக் இன்னொரு கம்பெனி என்றால் தகராறு வருவது இந்த இரண்டில்தான்.

அதனால் ராக்கின் வெளி ஆழத்தைக் கேட்காதீர்கள். முன்போஸ்டின் முகத்திலிருந்து பின்போஸ்டின் முகம் வரை டேப் பிடியுங்கள், இடமும் வலமும் தனித்தனியாக. போஸ்டுகளில் மாட்டி சர்வரைத் தாங்கும் பக்கச் சட்டங்கள்தான் ரெயில். ரெயில் கிட்டோடு வரும் தாளில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எண்கள் இருக்கும். உங்கள் அளவு அதற்குள் வர வேண்டும். பல ராக்குகளில் பின்போஸ்டை முன்னும் பின்னும் நகர்த்தி மாட்டலாம், ராக் காலியாக இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள். பின்போஸ்டுக்கும் பின்கதவுக்கும் இடையில் கேபிள் திரும்ப இடம் இருக்கிறதா, பவர் ஸ்ட்ரிப் ரெயிலை மறிக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

அடுத்தது துளை. சதுரத் துளை என்றால் கவலையில்லை, இன்றைய ரெயில்கள் கொக்கி போல நேராக அதில் உட்காரும். மரையில்லாத வட்டத் துளையையும் பல கிட்டுகள் ஏற்கும். மரை வெட்டிய துளை என்றால் அந்தக் கொக்கி நுழையாது. போல்ட் போட்டு இறுக்கும் நிலையான ரெயிலைத் தனியாக வாங்க வேண்டும். தயவுசெய்து டிரில் எடுக்காதீர்கள். ஓர் இடத்தில் எனக்கு முன் வந்தவர்கள் ஓடிக்கொண்டிருந்த சர்வருக்கு மேலேயே துளை போட்டிருந்தார்கள். இரும்புத் தூள் மதர்போர்டில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ராக்கில் இருப்பது எம்6 மரையா 10-32 மரையா என்றும் பாருங்கள். மாற்றிப் போட்டு முறுக்கினால் மரை போய்விடும்.

இனி, நிறையப் பேர் வழுக்கும் இடம். ஒரு யூவுக்கு மூன்று துளைகள். அவற்றின் மையங்களுக்கு இடையில் 15.875 மி.மீ., மறுபடி 15.875. ஆனால் அடுத்த யூவின் முதல் துளைக்கு 12.7 மி.மீ. மட்டும்தான். அந்தக் குறுகிய இடைவெளியின் நடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்தது தொடங்குகிறது. ஒரு துளை தள்ளி ரெயிலை மாட்டினால் சர்வர் பக்கத்து யூவில் ஏறி நிற்கும், அல்லது முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். விலை குறைந்த ராக்குகளில் ஒட்டியிருக்கும் யூ எண்களை நான் நம்புவதில்லை. கீழிருந்து எண்ணி, நான்கு போஸ்டிலும் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்வேன். பத்து நிமிட வேலை.

மாட்டும்போது கனமானது கீழே. 2யூ சர்வர் 30 கிலோ வரை போகும், இரண்டு பேர் வேண்டும். ரெயில் நான்கு முனையிலும் 'டக்' என்று பூட்டியதைக் கையால் இழுத்துப் பார்த்த பிறகே சர்வரை ஏற்றுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு சர்வரை வெளியே இழுக்காதீர்கள், ராக் முன்னால் சாயும். ரெயில் பொருந்தவே இல்லையென்றால் நான்கு போஸ்டிலும் பிடிக்கும் தட்டு போடலாம், அது எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். முன்பக்கக் காதுகளை மட்டும் முறுக்கித் தொங்கவிடவே கூடாது. அவை சர்வர் நழுவாமல் இருக்கத்தான், எடையைத் தாங்க அல்ல.

சேலத்து வெயிலில் முன்பக்கம் கண்ணாடிக் கதவு இருந்தால் கழற்றி வையுங்கள், சர்வர் முன்னாலிருந்து காற்றை இழுத்துப் பின்னால் விடுகிறது. காலி யூக்களைத் தகட்டால் மூடுங்கள், இல்லையென்றால் பின்னால் போன சூடு முன்னால் திரும்பி வரும். ஏற்காடு குளிர்ச்சிதானே என்று அங்கே அலமாரிக்குள் பூட்டி வைப்பவர்களும் உண்டு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிது, சூட்டை அள்ளிக்கொண்டு போகும் திறனும் அதற்குக் குறைவு. பல சர்வர்களுக்கு 900 மீட்டருக்கு மேலே ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தாங்கும் வெப்பநிலையில் 1 டிகிரி கழிக்கச் சொல்கிறார்கள்.

ராக்குக்கு எர்த் வயர் கொடுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, பல்வாஷர் வைத்து முறுக்குங்கள். அப்புறம் நகரும் ரெயில் என்றால் சர்வரை ஒருமுறை முழுதாக வெளியே இழுங்கள். பின்னால் எந்தக் கேபிளாவது இறுகினால் அதை நீளமானதாக மாற்றிவிட்டு, பின்கதவைச் சாத்திப் பாருங்கள்.