ஆங்கிலோ-அரபுக் குதிரை இனப்பெருக்கம்: ரத்தவழி தேர்விலிருந்து குட்டியின் முதல் நாள் வரை

ஆங்கிலோ-அரபு என்றால் இரண்டே ரத்தம்தான்: அரபு, தரோப்ரெட் (இங்கிலாந்தில் உருவான பந்தயக் குதிரை இனம்). வெல்ஷ் போனியோ, குவார்ட்டர் ஹார்ஸோ, ஐரோப்பிய விளையாட்டுக் குதிரையான வார்ம்பிளட்டோ ஏதாவது ஒரு தலைமுறையில் நுழைந்திருந்தால் அந்தக் குட்டி பகுதி அரபுதான். சதவீதக் கணக்கு எளிது. தாய், தகப்பன் இரண்டின் அரபு சதவீதத்தையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். தூய அரபும் தரோப்ரெட்டும் சேர்ந்தால் 50. அந்த 50-ஐ மறுபடி தரோப்ரெட்டுக்கு விட்டால் 25, இன்னொரு முறை விட்டால் 12.5. ஐம்பதும் இருபத்தைந்தும் சேர்ந்தால் 37.5. தரோப்ரெட்டின் ஆதித் தகப்பன்மாரில் டார்லி அரேபியனும் கொடால்ஃபின் அரேபியனும் உண்டே என்று சிலர் கேட்பார்கள். பதிவேட்டில் அதெல்லாம் செல்லாது, தரோப்ரெட் பூஜ்யம்தான்.

பதிவேட்டுக்குப் பதிவேடு வரம்பு மாறும். பிரிட்டனில் ஆங்கிலோ-அரபுக்குக் குறைந்தது 12.5 சதவீத அரபு ரத்தம் வேண்டும். அமெரிக்காவில் 25-க்குக் குறையவும் கூடாது, 75-ஐத் தாண்டவும் கூடாது. அங்கேயே ஹாஃப்-அரேபியன் பதிவுக்குப் பெற்றோரில் ஒன்று பதிவான தூய அரபாக இருந்தாக வேண்டும். பாதி அரபுப் பெட்டையை வார்ம்பிளட்டுக்கு விட்டுப் பெற்ற குட்டிக்கு அந்தப் பதிவு கிடைக்காது. இதைக் குட்டி பிறந்தபின் விசாரிப்பவர்கள் நிறைய. பொலிகுதிரையின் உரிமம் உங்கள் பதிவேட்டில் செல்லுபடியாகுமா என்பதைச் சினைக்கு விடுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சதவீதம் பதிவேட்டுக்கானது. குதிரையின் தரம் அதிலிருந்து வருவதில்லை. 25 சதவீதத்தில் மட்டமான குதிரையும் உண்டு, 50-ல் அபாரமானதும் உண்டு. முதலில் முடிவு செய்ய வேண்டியது, பிறக்கப்போகும் குதிரை என்ன வேலை செய்யும் என்பதை. 160 கிலோமீட்டர் தூர ஓட்டத்துக்கு 50-க்கு மேல் அரபு இருப்பது நல்லது. சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும் மெலிந்த உடலும், நிறுத்தங்களில் மளமளவென்று இறங்கும் இதயத்துடிப்பும் அங்கே காசாகும். ஈவென்டிங்கில் (பயிற்சி நடை, கிராஸ் கன்ட்ரி, தாவல் மூன்றும் சேர்ந்த போட்டி) ஐந்து நட்சத்திரப் போட்டியின் கிராஸ் கன்ட்ரி நிமிடத்துக்கு 570 மீட்டர் வேகம் கேட்கிறது. அங்கே எட்டி அடி வைக்கும் தரோப்ரெட் நீளம் வேண்டும், அரபு 25-லிருந்து 40-க்குள் போதும். இங்கிலாந்தின் பெரிய ஈவென்டிங் போட்டிகளான பேட்மின்டனை 2004-லும் பர்லியை 2008-லும் வென்ற டமரில்லோ ஆங்கிலோ-அரபுதான். வெறும் தாவல் போட்டிக்கு என்றால் அரபு ரத்தம் இரண்டு மூன்று தலைமுறை பின்னால் இருந்தாலே போதும். ராம்செஸ் இதற்குச் சாட்சி. போலந்தில் 1937-ல் பிறந்த அந்தப் பொலிகுதிரையின் தகப்பன் தரோப்ரெட், தாய் ஷாக்யா அரபு (ஹங்கேரியப் பண்ணைகளில் அரபிலிருந்து உருவான இனம்). பேரன் ராமிரோ வழியாக அதன் ரத்தம் இன்றைய ஐரோப்பியத் தாவல் குதிரைகளில் பரவிக் கிடக்கிறது.

பெட்டையிலிருந்து தொடங்குங்கள்

பொலிகுதிரையை விளம்பரத்தில் பார்த்து மயங்கி, பிறகு வீட்டில் நிற்கும் பெட்டைக்கு அது பொருந்துமா என்று யோசிப்பது தலைகீழ் வேலை. பெட்டையைக் கெட்டியான சமதரையில் சேணமில்லாமல் நிறுத்திப் பாருங்கள். பக்கவாட்டில் நின்று முழங்காலைப் பாருங்கள்: பின்னோக்கி வளைந்த முழங்கால் வேகத்தில் நொறுங்கும், அது வாரிசுக்கும் போகும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே டேப்பைச் சுற்றி அளவெடுங்கள். 16 கை (ஒரு கை நான்கு அங்குலம்) உயரக் குதிரைக்கு 20 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் எலும்பு மெலிவு. பிறகு நேராக உங்களை நோக்கியும் விலகியும் நடக்க விடுங்கள், அதன்பின் துள்ளுநடை. கால் வெளியே வீசுகிறதா, பின்னங்கால் முட்டிகள் உரசிக்கொள்கின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் குளம்பைத் தூக்கிப் பாருங்கள். தரோப்ரெட் பெட்டைகளில் அடிக்கடி தென்படுவது மெல்லிய உள்ளங்குளம்பும் முன்னோக்கிச் சரிந்த தாழ்ந்த குதிகாலும். இந்தக் குறைக்கு அரபு நல்ல மருந்து.

காயத்தால் ஓய்வு பெற்ற பெட்டை என்றால் காயத்தின் காரணம் தெரிய வேண்டும். வண்டியில் ஏற்றும்போது பட்ட அடி ஒரு பொருட்டில்லை. நான்கு வயதில் தானாக வீங்கிய தசைநார் பொருட்டுதான். அதன் தாயும் சகோதரிகளும் எந்த வயதுவரை வேலை செய்தார்கள் என்று கேளுங்கள். பதினைந்து வயதுக்கு மேல் முதன்முறையாகச் சினைக்குப் போகும் பெட்டைக்குச் செலவும் ஏமாற்றமும் அதிகம்.

எழுதி வைத்த குறைகளில் முக்கியமானது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைத் திருத்தும் பொலிகுதிரையைத் தேடுங்கள். ஐந்தையும் ஒரே தலைமுறையில் திருத்த நினைத்தால் ஒன்றும் திருந்தாது. எதிரெதிர் குறைகளைச் சேர்த்தால் நடுவில் வந்து நிற்கும் என்பதும் நப்பாசை. நீண்ட முதுகுக்குக் குட்டை முதுகைச் சேர்த்தால் நடுத்தர முதுகு என்று கணக்குப் போடுவார்கள். வருவது நீண்ட முதுகும் குட்டைக் கழுத்துமாகக்கூட இருக்கும். குறைக்கு நேராகச் சரியானதைத்தான் சேர்க்க வேண்டும்.

எது தாய், எது தகப்பன்

அரபுப் பொலியைத் தரோப்ரெட் பெட்டைக்கு விடுவதா, தரோப்ரெட் பொலியை அரபுப் பெட்டைக்கு விடுவதா? பிரான்சில் பொம்பதூர் பண்ணை 19-ம் நூற்றாண்டில் முதல் வழியில் போனது. மசூத் என்ற அரபும் அஸ்லான் என்ற துருக்கிய பொலியும் தரோப்ரெட் பெட்டைகளோடு சேர்ந்துதான் அங்கே இந்த இனத்துக்கு அடித்தளம் விழுந்தது. உயரம் வேண்டுமானால் இன்றும் அதுவே சரியான வழி, ஏனென்றால் குட்டி எவ்வளவு வளரலாம் என்பதில் தாயின் கருப்பைக்கும் பாலுக்கும் பங்குண்டு. 15 கைக்குக் குறைந்த அரபுப் பெட்டையிடம் 16 கைக் குட்டியை எதிர்பார்த்து உயரமான பொலியைத் தேடுவது வீண்.

முதல் கலப்பு பெரும்பாலும் ஒரே சீராக வரும், நல்ல வீரியத்தோடும் வரும். சிக்கல் அடுத்த அடியில். பாதி அரபையும் பாதி அரபையும் சேர்த்தால் குட்டிகள் சிதறிப் போகும்: ஒன்று முழு அரபு போல, ஒன்று குட்டைக்கால் தரோப்ரெட் போல, ஒன்று இரண்டின் குறைகளோடு. பல தலைமுறை ஆங்கிலோ-அரபாகவே தேர்ந்து வந்த வழி இதற்கு விதிவிலக்கு. தென்மேற்குப் பிரான்சின் வழிகளும் ஹங்கேரியின் கித்ரான் இனமும் அப்படிப்பட்டவை. கையில் முதல் கலப்புப் பெட்டை இருந்தால் அதைத் தரோப்ரெட்டுக்கோ, அப்படி நிலைபெற்ற வழியின் பொலிக்கோ விடுவது பாதுகாப்பு.

ரத்தவழிகளைப் படிப்பது

அரபில் எல்லா வழியும் கலப்புக்கு ஏற்றதல்ல. போலந்து வழிகளில் தலைமுறை தலைமுறையாகப் பந்தயத்தில் ஓடவிட்டுத் தேர்ந்திருக்கிறார்கள். 1817-ல் தொடங்கிய யானோவ் போட்லாஸ்கி பண்ணைக் குதிரைகளில் காலும் நுரையீரலும் சோதனைக்கு உட்பட்டவை. ரஷ்யாவின் டெர்ஸ்க் வழியும் அப்படியே. 1878-ல் இங்கிலாந்தில் பிளன்ட் தம்பதி தொடங்கிய கிராபெட் வழி சவாரிக்கென்றே பெயர் பெற்றது. நடை நீளமும் சாந்தமும் வேண்டுவோருக்கு அது நல்ல தேர்வு. பிரெஞ்சுப் பந்தய அரபில் வேகம் உண்டு, உயரமும் கொஞ்சம் கூடும். எகிப்திய வழி முகத்தழகுக்குப் போனது. நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருக்கப்பட்டதால் முத்திரையை அழுத்தமாகப் பதிக்கும், குறையையும் சேர்த்துத்தான். கண்காட்சி அரங்கில் வாலைத் தூக்கி நிற்பதற்காகத் தேர்ந்த, தட்டையான பின்பகுதியும் நேரான பின்னங்காலும் கொண்ட பொலியை விளையாட்டுக் குதிரைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

தரோப்ரெட் பக்கம் குறுந்தூர ஓட்டக்காரர்களைத் தவிர்த்து, நெடுந்தூரமோ தடை தாண்டும் பந்தயமோ பல பருவம் ஓடி, கால் சுத்தமாக வெளியேறியவற்றைத் தேடுங்கள். ஃபியூரியோஸோ, லேடிகில்லர் போன்ற தரோப்ரெட்கள் விளையாட்டுக் குதிரைகளின் வம்சாவளியில் திரும்பத் திரும்ப வருகின்றன.

வம்சாவளித் தாளில் கண் முதலில் மேல்வரிசைக்கு, தகப்பன் வழிக்குத்தான் போகும். நீங்கள் கீழ்வரிசையைப் படியுங்கள். தாய், தாயின் தாய், அவள் தாய்: ஒவ்வொருவருக்கும் எத்தனை குட்டி, எத்தனை போட்டிக்கு வந்தன, எத்தனை தகப்பன்மாரிடம் பெற்றவை? வெவ்வேறு பொலிகளிடம் மூன்று நல்ல குட்டி கொடுத்த பெட்டை உண்மையிலேயே நல்லவள். ஒரே பிரபலப் பொலியிடம் ஒன்றே ஒன்று கொடுத்தவளின் பெருமை இரவல்.

இருபக்கமும் ஒரே மூதாதை வந்தால் உறவு நெருக்கத்தைக் கணக்கிடுங்கள். இரண்டாம் தலைமுறையில் இருபுறமும் ஒருவரே என்றால் 12.5 சதவீதம், மூன்றாவதில் என்றால் 3.125, நான்காவதில் என்றால் ஒன்றுக்கும் கீழே. மூன்றாம் தலைமுறை நெருக்கம்வரை பெரும்பாலோர் ஏற்கிறார்கள். தரோப்ரெட் பக்கம் நார்தர்ன் டான்சர் என்ற புகழ்பெற்ற பொலி பல இடங்களில் ஒளிந்திருக்கும், எல்லாவற்றையும் கூட்ட மறக்காதீர்கள்.

மரபணுச் சோதனை

முதல் தலைமுறையில் ஒன்றும் நடக்காது என்பதால்தான் இதில் ஏமாறுகிறார்கள். அரபில் எஸ்சிஐடி என்ற நோயெதிர்ப்புக் குறைபாடு, சிறுமூளைச் சிதைவு, லாவண்டர் குட்டி நோய், தலை-கழுத்து எலும்பு மூட்டுக் கோளாறு ஆகியவற்றுக்கு டிஎன்ஏ சோதனை உண்டு. பிடரிமயிர் வேரோடு அனுப்பினால் போதும். தாயும் தகப்பனும் இரண்டுமே கெட்ட நகலைச் சுமந்தால்தான் நோய் வெளிப்படும், அப்போதும் நான்கில் ஒன்று என்ற வாய்ப்பில். எஸ்சிஐடி குட்டி பார்க்க நன்றாகவே பிறக்கும். சீம்பாலின் காப்பு தீரத் தீர நிமோனியா வந்து, ஐந்து மாதத்துக்குள் இறந்துவிடும்.

தரோப்ரெட் தாய்க்குப் பிறந்த முதல் கலப்பு இதில் பாதிக்கப்படாது. ஆனால் சத்தமில்லாமல் சுமக்கும். அதை மறுபடி அரபுக்கோ இன்னொரு ஆங்கிலோ-அரபுக்கோ விடும்போது கண்ணி இறுகுகிறது. பெட்டை சுமப்பவள் என்று தெரிந்தால் ஒதுக்க வேண்டியதில்லை, சுமக்காத பொலியாகப் பாருங்கள், அவ்வளவுதான்.

பகுதி அரபில் மறுபக்கத்து நோய்களும் வரும். வார்ம்பிளட்டிலும் தரோப்ரெட்டிலும் தோல் கிழியும் குட்டி நோய்க்கும், குவார்ட்டர் ஹார்ஸில் தசை நடுக்க நோயான ஹெச்ஒய்பிபி, உடலில் சர்க்கரையைச் சேமிக்க முடியாத ஜிபிஈடி போன்றவற்றுக்கும், ஓவரோ (வெள்ளைத் திட்டு) நிறமுள்ள பெயின்ட் வழியில் வெள்ளைக் குட்டிச் சாவுக்கும், கானமாரா போனியில் குளம்புச்சுவர் பிளவுக்கும் சோதனை செய்யுங்கள். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை: வயதோடு நரைக்கும் மரபணு ஆதிக்கம் செலுத்துவது. நரைக்கும் குதிரைகளில் பதினைந்து வயதுக்கு மேல் வால் அடியில் கரும்புற்றுக் கட்டிகள் மிகச் சாதாரணம். வாங்குபவர் கேட்பார்.

சினைக்கு விடுதல்

பெட்டையின் சுழற்சி சுமார் 21 நாள், அதில் 5 முதல் 7 நாள் பருவம். முட்டை வெளியேறுவது பருவம் முடிய ஓரிரு நாள் முன்பு. நாள் நீள நீளத்தான் சுழற்சி தொடங்கும். சீக்கிரம் வேண்டுமென்றால் டிசம்பர் தொடக்கத்திலிருந்து தினம் 16 மணி நேர வெளிச்சம், குறைந்தது 60 நாள். பந்தயத் தரோப்ரெட் எப்போது பிறந்தாலும் ஜனவரி 1-ஐயே பிறந்தநாளாகக் கணக்கிடுவதால் அதை வளர்ப்பவர்களுக்கு அந்த அவசரம். விளையாட்டுக் குதிரைக்கு அது தேவையில்லை. புல் இருக்கும் மே மாதக் குட்டியே நன்றாக வளர்கிறது.

விடுவதற்கு முன் கருப்பைத் திரவத்தை எடுத்துக் கிருமிச் சோதனை செய்யுங்கள். ஸ்கேனில் முட்டைப்பை 35 மில்லிமீட்டர் தாண்டியதும் முட்டை வெளியேற ஊசி போட்டால் சுமார் 36 முதல் 40 மணி நேரத்தில் வெளியேறும். குளிரூட்டிய விந்து என்றால் அதற்குள் செலுத்த வேண்டும். உறைவிந்தின் ஆயுள் குறைவு: முட்டை வெளியேறி ஆறு மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும், அதனால் இரவிலும் ஸ்கேன் பார்க்க ஆள் வேண்டும். அந்த வசதி இல்லாவிட்டால் பக்கத்துப் பொலியே உத்தமம். தரோப்ரெட் பதிவேட்டுக்குச் சினை ஊசிக் குட்டி ஆகாது, நேரடிச் சேர்க்கை மட்டும்தான். ஆங்கிலோ-அரபுப் பதிவேடுகளில் அந்தத் தடை பொதுவாக இல்லை.

14 முதல் 16 நாளில் ஸ்கேன் கட்டாயம். இரட்டைக் கரு இருந்தால் அப்போதே ஒன்றை நசுக்க வேண்டும். 16-ம் நாளுக்குப் பின் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டால் ஒன்றைக் காப்பது கடினம். 35 நாளைத் தாண்டினால் கலைத்தாலும் அந்தப் பருவத்தில் பெட்டை மறுபடி சினைக்கு வருவது அரிது. கருச்சிதைவு உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸுக்கு 5, 7, 9-ம் மாதங்களில் தடுப்பூசி.

ரத்தம் ஒவ்வாத குட்டி

தரோப்ரெட், அரபு இரண்டிலும் இந்த ஆபத்து உண்டு. முந்தைய ஈற்றில் குட்டியின் ரத்தம் தாயின் உடலில் கலந்து எதிர்ப்பொருள் உருவாகியிருந்தால், அது சீம்பாலில் இறங்கிப் புதுக்குட்டியின் சிவப்பணுக்களைத் தாக்கும். குட்டி நலமாகப் பிறக்கும், ஆசையாகக் குடிக்கும். இரண்டாம் நாள் சோர்ந்து படுக்கும், ஈறு வெளிறி மஞ்சளாகும். ஈற்றுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு தாயின் ரத்தத்தைச் சோதித்தால் முன்கூட்டியே தெரியும். எதிர்ப்பொருள் இருந்தால் குட்டிக்கு வாய்க்கூடை மாட்டி, 24 முதல் 48 மணி நேரம் தாயிடம் விடாமல் வேறு பெட்டையின் சீம்பால் புகட்டுங்கள். தாயின் பாலைக் கறந்து கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

சினைக்காலம் சராசரி 340 நாள், 320 முதல் 365 வரை போகும். ஈனும்போது முதலில் தெரிய வேண்டியது வெண்மையான பை. சிவப்பு வெல்வெட் போல வந்தால் நஞ்சுக்கொடி முன்கூட்டிப் பிரிந்துவிட்டது, குட்டிக்கு மூச்சு இல்லை. டாக்டருக்காகக் காத்திராமல் கத்தரியால் உடனே வெட்டிக் குட்டியை இழுங்கள். குட்டி ஒரு மணி நேரத்தில் எழ வேண்டும், இரண்டில் பால் குடிக்க வேண்டும். நஞ்சு மூன்று மணி நேரத்துக்குள் விழ வேண்டும். விழுந்ததும் விரித்துப் பார்த்து, கருப்பையின் இரு கிளைகளுக்குள் இருந்த கொம்பு முனைகள் இரண்டும் முழுசாக இருக்கின்றனவா என்று சோதியுங்கள். உள்ளே தங்கிய சின்னத் துண்டும் பெட்டையின் குளம்பைக் கெடுக்கும். 18 முதல் 24 மணி நேரத்தில் குட்டியின் ரத்தத்தில் நோயெதிர்ப்புப் புரதமான ஐஜிஜி டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இருக்க வேண்டும். 400-க்குக் கீழே என்றால் அன்றைக்கே பிளாஸ்மா ஏற்றச் சொல்லுங்கள். டிஎன்ஏ மாதிரிக்கு முடியையும் சிப் பொருத்தும் தேதியையும் அதே வருகையில் முடித்துவிட்டால் பதிவு விண்ணப்பம் தாமதமாகாது.