காதில் குழாய் வைத்துச் சரிசெய்த எம்ஜிபி

கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி எங்கள் வீடு. அப்பாவின் 1965 எம்ஜிபி, அந்தக்கால பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், போர்ட்டிக்கோவில் நின்றே கறள் பிடித்துவிட்டது. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் 'சில்' (sill) என்ற பகுதிதான் இந்தக் காரின் முதுகெலும்பு. அதை வெட்டி வெல்டிங் செய்ய மட்டும் ஆள் பிடித்தேன்.

பெரிய தலையிடி ஐடிலிங்தான், அதாவது கார் நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருப்பது. காலி வீதியில் (Galle Road) சிக்னலுக்குச் சிக்னல் எஞ்சின் நின்றுவிடும். ஒரு கராஜில் எஞ்சினையே இறக்கவேண்டும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

இதில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டர்கள் இரண்டு, எஸ்யூ வகை. ஏர் ஃபில்டரைக் கழற்றி, உள்ளேயிருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டேன். முன்னது 'டக்' என்று விழுந்தது. பின்னது பாதிவழியில் நின்று யோசித்தது! திறந்தால் பழுப்பாய்ப் பிசின். பெட்ரோலும் பழைய பனியன் துணியும் போதும். சாண்ட்பேப்பர் பக்கமே போகக்கூடாது, அங்குள்ள இடைவெளி அவ்வளவு நுண்ணியது. அப்புறம் மேலே, பிஸ்டனின் அசைவை மட்டுப்படுத்தும் டம்பருக்குள் 20 நம்பர் ஒயில்.

இரண்டையும் இணைக்கும் தண்டைத் தளர்த்தினேன். ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதிலும் மறுநுனியைக் கார்பரேட்டர் வாயிலும் வைத்து, 'உஸ்' சத்தம் இரண்டிலும் ஒன்றாகும்வரை திருகாணிகளைத் திருப்பினேன். "டொக்டர் என்ன சொல்றார்?" என்று கேட்டுவிட்டுப் போனார் அம்மா.

ஒன்று சொல்ல மறந்தேன்: 1967க்கு முந்திய எம்ஜிபியில் காரின் உலோக உடலோடு சேர்வது பற்றரியின் பொசிட்டிவ், இப்போதைய கார்களைப் போல நெகட்டிவ் அல்ல. பழக்கதோஷத்தில் மாற்றிப் பூட்டப் போய், கடைசி நொடியில் கையை இழுத்தேன்.

இப்போது பம்பலப்பிட்டிச் சிக்னலிலும் நிற்காமல் உறுமுகிறது. ஒயில் கசிவை அடுத்த மாதம் பார்க்கவேண்டும்.