சுற்றுலா ரயிலுக்கு ஆள் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். இந்தியாவின் ராமாயண யாத்திரை ரயிலுக்கு இருபது பேரைச் சேர்த்து, முன்பணமும் வாங்கிவிட்டாராம். "எல்லாம் முடிஞ்சிருச்சுக்கா, சும்மா ஒரு தடவ பார்த்துக் கொடுங்க" என்று தாள்களை நீட்டினார். இரண்டாவது பக்கத்தைப் புரட்டியதும் எனக்கு நெஞ்சு அடைத்தது. சில வருடங்களுக்கு முன் மலேசியாவிலிருந்து ஒரு குழுவை அந்த ரயிலுக்கு அழைத்துப் போனபோது நான் செய்த அதே தவறு.

மருந்து, குளிராடை, போன் சார்ஜர் எல்லாம் யாரும் சொல்லாமலே எடுத்து வைப்பீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்த ரயில் என்று சொல்லாமல் ஆசை காட்டுவது

"இந்தியாவில் சுற்றுலா ரயில்" என்றதும் பலருக்குக் கண்முன் வருவது பேலஸ் ஆன் வீல்ஸ். மகாராஜாக்களின் பழைய ரயில் பெட்டிகள் என்ற எண்ணத்தில் 1982-இல் தொடங்கியது. ஏழு இரவு, ராஜஸ்தான், கடைசியில் ஆக்ரா. அது அரண்மனை வாழ்க்கைக்கான ரயில், விலையும் அப்படித்தான். பாரத் கௌரவ் ரயில்கள் வேறு. 2021 நவம்பரில் இந்திய ரயில்வே அறிவித்த திட்டம் அது. ராமாயணத் தலங்கள், புத்தர் நடந்த ஊர்கள், ஜோதிர்லிங்கங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கருப்பொருள். முதல் தனியார் ரயில் 2022 ஜூனில் நம் கோயம்புத்தூரிலிருந்துதான் ஷீரடிக்குப் போனது. இன்னொன்று பிரவாசி பாரதிய எக்ஸ்பிரஸ், வெளிநாடு வாழ் இந்திய வம்சாவளியினருக்கு 2025 ஜனவரியில் விட்டது. அதற்கு வயது 45 முதல் 65 வரைதான். எழுபது வயது பாட்டியிடம் அதைச் சொல்லி ஆசை காட்டாதீர்கள்.

நாமும் இந்தியர்தானே என்று நினைப்பது

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

ராமாயண ரயில் பீகாரின் சீதாமர்ஹியில் நிற்கும். அங்கிருந்து பேருந்தில் எல்லை தாண்டி நேபாளத்தின் ஜனக்பூர். சீதை பிறந்து வளர்ந்த மிதிலை என்று நம்பப்படும் ஊர். பயணத்தாளில் அது ஒரே வரியில் இருக்கும்: வாக்காளர் அட்டை அல்லது பாஸ்போர்ட் கொண்டு வரவும். இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம், அதனால் அந்த ஒரு வரி அவர்களுக்குப் போதும். நான் அதைப் படித்துவிட்டு, நம்மிடம்தான் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) இருக்கிறதே என்று அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அன்று காலை சீதாமர்ஹி விடுதி வாசலில் ரயில் மேலாளர் அடையாள ஆவணங்களை வாங்கிக்கொண்டிருந்தார். எங்கள் ஒன்பது சிவப்பு மலேசியக் கடப்பிதழ்களைக் கையில் எடுத்ததும் அவர் முகம் மாறியது. இந்தியரோ நேபாளியரோ அல்லாத மூன்றாம் நாட்டவரை எல்லா வழியிலும் எல்லை தாண்ட விடுவதில்லை. எங்கள் இந்திய இ-விசாவில் உள்ளே நுழைய அனுமதித்த இடங்களின் பட்டியல் இருந்தது, அதில் அந்த எல்லை இல்லை. ஒருவேளை அந்தப் பக்கம் போயிருந்தாலும் திரும்பி வரும் வழி அடைத்திருக்கும். "நீங்கள் ஒன்பது பேரும் இங்கேயே இருங்கள்" என்றார். பேருந்து கிளம்பிவிட்டது.

பட்டர்வொர்த்திலிருந்து வந்திருந்த என் பெரியம்மா, ஜனக்பூர் ஜானகி கோயிலுக்கென்று ஒரு பச்சைப் பட்டும் இரண்டு டஜன் கண்ணாடி வளையலும் கொண்டு வந்திருந்தார். வளையல் உடையக்கூடாதென்று பழைய மைலோ டின்னில் பஞ்சு வைத்து அடுக்கி, வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தார். அந்த டின்னைப் பிடித்தபடி விடுதிப் படியில் உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை, அவர் ஒன்றும் சொல்லவில்லை. மதியம் ஒரு வேன் பிடித்து எல்லாரையும் புனௌரா தாமுக்கு அழைத்துப் போனேன். ஜனகர் சீதையைக் கண்டெடுத்த இடம் அதுதான் என்று அந்த ஊரார் சொல்கிறார்கள். பட்டையும் வளையலையும் அங்கே சாத்தினோம். ஊர் திரும்பியதும் ஆளுக்கு 300 மலேசிய வெள்ளி என் கையிலிருந்து கொடுத்தேன். பணம் போனதை மறந்துவிட்டேன். அந்த டின்னை மறக்க முடியவில்லை.

இந்த ரயில்களின் தாள்கள் இந்தியக் குடிமக்களுக்காக எழுதப்பட்டவை. சாமி நம்முடையது, கதை நம்முடையது, அதனால் விதிமுறையும் நமக்கானது என்று மனம் தானாகவே எடுத்துக்கொள்கிறது. எல்லையில் நாம் மலேசியர் மட்டுமே. ஆகவே முன்பணம் கைமாறுவதற்கு முன் ரயில் நடத்துபவரிடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வெளிநாட்டுக் கடப்பிதழ் உள்ளவரை எல்லை தாண்டி அழைத்துப் போவீர்களா? எந்த எல்லை வழியாக? பதில் தெளிவாக வரவில்லை என்றால் ஜனக்பூர் இல்லை என்றே வைத்துக்கொண்டு, உங்கள் ஆட்களிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பீகாரின் ஜெயநகரிலிருந்து ஜனக்பூர் வழியாகப் போகும் சின்ன ரயில் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். 2022 ஏப்ரலில் அது ஓடத் தொடங்கியபோதே மூன்றாம் நாட்டவருக்கு இடமில்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

புத்தர் தலங்களுக்கான மகாபரிநிர்வாண் ரயிலிலும் அவர் பிறந்த லும்பினிக்காக நேபாளம் போகவேண்டும். அது சுனௌலி எல்லை, வெளிநாட்டவர் போய்வரும் பழைய வழி. நேபாள விசாவை அங்கேயே வாங்கலாம், 15 நாளுக்கு 30 அமெரிக்க டாலர். ஆனால் இந்தியாவுக்குள் மறுபடி நுழைய அனுமதிக்கும் விசா கையில் இருக்கவேண்டும். அதற்கு இந்தியத் தூதரகத்தில் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

டில்லி என்றால் புதுடில்லி நிலையம் என்று நினைப்பது

ராமாயண ரயிலும் பேலஸ் ஆன் வீல்ஸும் கிளம்புவது சப்தர்ஜங் நிலையத்தில்.

அன்றே இறங்கி அன்றே ஏறுவது

வேண்டாம். ஒரு நாள் முன்னால் போய்விடுங்கள். திரும்பும் விமானமும் ரயில் முடியும் நாளில் வேண்டாம். நமக்குப் பள்ளி விடுமுறை வருகிற டிசம்பரில்தான் வட இந்தியாவில் மூடுபனி, ரயில் எத்தனை மணி நேரம் தாமதமாகும் என்று யாரும் சொல்ல முடியாது.

சாப்பாடு

பாரத் கௌரவில் சைவம் மட்டும். ஆள் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ரயில்தானே, உட்கார்ந்தே போகலாம் என்பது

ரயில் பெரும்பாலும் இரவில் ஓடும். பகலெல்லாம் பேருந்தும் நடையும். ஹம்பிக்கு அருகே அனுமன் பிறந்ததாகச் சொல்லும் அஞ்சனாத்ரி மலைக்கு மட்டும் 575 படிகள். முட்டிவலிக்காரர்களிடம் இதை முதலிலேயே சொல்லவேண்டும். இன்னொன்று, சின்ன நிலையங்களில் நடைமேடை தாழ்வாக இருக்கும், ரயில் படி இடுப்புயரத்தில் நிற்கும். நான் இப்போது ஒரு மடக்கு முக்காலி இல்லாமல் போவதில்லை. முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களும் மூன்றாம் நாள் வரிசையில் நிற்பார்கள்.

செந்தூல் தம்பி இப்போது இருபது பேரையும் ஒவ்வொருவராக அழைத்து ஜனக்பூர் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்களாம். மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடச் சொன்னேன்.