டலேனி கிளாடியோலஸ் வளர்க்கப் போகிறீர்களா? குளிர்காலத்தில் தண்ணீரை நிறுத்துங்கள்

நான் செய்த தப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவுக்குக் குடிவந்த புதிதில் இந்தப் பூச்செடியின் ஆறு கிழங்கு வாங்கி நட்டேன். இங்கே குளிர்காலம் தொடங்குகிற மே மாதம் இலையெல்லாம் பழுத்துச் சாய்ந்ததும், ஐயோ செடி வாடுகிறதே என்று பதறிப்போய்த் தினமும் தண்ணீர் ஊற்றினேன், ஆகஸ்டில் தோண்டிப் பார்த்தால் நாலு கிழங்கு கொழகொழவென்று அழுகிக் கிடந்தது. அந்தச் செடிக்கு எந்த நோயும் இல்லை, அது தூங்கப் போயிருந்தது, அவ்வளவுதான்.

டலேனி என்பது தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியில் தொடங்கி எத்தியோப்பியா வரைக்கும், புல்வெளியிலும் மரங்கள் விட்டுவிட்டு நிற்கிற காட்டிலும் பாறை இடுக்கிலும் தானாக முளைக்கிற காட்டுச் செடி. பூக்கடையில் பார்க்கிற பெரிய கிளாடியோலஸுக்கு இது பாட்டி முறை. 1841இல் பெல்ஜியத்தில் விற்பனைக்கு வந்த கான்டவென்சிஸ் என்ற கலப்பினத்துக்கு இதுதான் ஒரு பெற்றோர். பூ ஆரஞ்சிலோ மஞ்சளிலோ இருக்கும், சிலதில் பச்சையும் பழுப்பும் தூவினாற்போல் புள்ளி விழுந்திருக்கும். கிளியின் நிறம் என்பதால் பழைய புத்தகங்களில் இதற்கு 'சிட்டாசினஸ்' என்றும் பெயர் உண்டு.

தென்னாப்பிரிக்காவில் இது வாழ்கிற பகுதியில் மழை கோடையில்தான், அதாவது அக்டோபர் முதல் மார்ச் வரை. குளிர்காலம் வறட்சி. இந்தக் கணக்கு மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

நடுவது ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர். நாளில் பாதிக்கு மேல் வெயில் விழும் இடமாகப் பாருங்கள். களிமண்ணாக இருந்தால் பருமணலும் மக்கின இலையும் தாராளமாகக் கலந்து மேடாக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் தண்ணீர் தேங்குவது மட்டும் இதற்கு ஆகவே ஆகாது. கிழங்கை நார்த்தோலோடு அப்படியே, முளை மேலே பார்க்க, ஒரு விரல் ஆழத்துக்குக் கொஞ்சம் கூடவே வையுங்கள், அப்புறம் கிழங்குக்குக் கிழங்கு ஒரு சாண் விடுங்கள். மேலோட்டமாக வைத்தால் ஆளுயரம் வரக்கூடிய தண்டு காற்றில் சாய்ந்துவிடும். தண்ணீர்? முளை தலைகாட்டும் வரை லேசாக, இலை விட்ட பிறகு வாரம் இரண்டு முறை நன்றாக நனைய. உரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள், இலைதான் கொழுக்கும்.

டிசம்பர், ஜனவரியில் பூக்கும்போது ஒரு நாள் காலையில் தள்ளி நின்று பாருங்கள். மேல் இதழ் குடை மாதிரி வளைந்து மகரந்தப்பைகளை மூடியிருக்கும். தேன்சிட்டு தண்டைப் பிடித்து உட்கார்ந்து மூக்கை நுழைக்கும்போது மகரந்தம் சரியாக அதன் தலை உச்சியில் அப்பிக்கொள்ளும், பொட்டு வைத்தாற்போல. தண்டுக்குக் குச்சி கட்டுவதானால் பூவுக்குக் கீழேயே நிறுத்திவிடுங்கள், பறவைக்கு இடம் வேண்டும்.

இலையில் வெள்ளிக் கீறல் தெரிந்தால் இலைப்பேன், வேப்பெண்ணெய் போதும். ஆரஞ்சு நிறத்தில் பொடிப் பொடியாகக் கொப்புளம் வந்தால் துருநோய். அந்த இலையைக் கிள்ளிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போட்டுவிடாதீர்கள்.

ஏப்ரலில் இலை மஞ்சளாகத் தொடங்கும்போது தண்ணீரைக் குறைத்து, மே மாதம் அடியோடு நிறுத்துங்கள். பச்சை இருக்கும்போதே அழகுக்காக இலையை வெட்டாதீர்கள், அடுத்த வருடத்துக் கிழங்கு அந்த இலையின் சாப்பாட்டில்தான் உருவாகிறது. கிழங்கை எடுத்து வைக்க வேண்டிய அவசியமும் இல்லை, இங்கே விழுகிற உறைபனியைத் தரைக்குள்ளேயே தாங்கிவிடும். ஈரம் வடியாத இடம் என்றால் மட்டும் எடுத்துக் காகிதப் பையில் போட்டு வையுங்கள்.

மூன்று நாலு வருடத்தில் கூட்டம் நெருக்கிப் பூ குறையும். அப்போது தோண்டினால் வேடிக்கையாக இருக்கும்: போன வருடக் கிழங்கு வற்றி வட்டு மாதிரி கீழே ஒட்டியிருக்க, அதன் தலையில் புதுசு உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் பயறு பயறாகக் குட்டிகள். அதில் கைப்பிடியளவு யாராவது கொடுத்தாலே போதும், காட்டில் போய்த் தோண்டாதீர்கள். குட்டிகளைத் தனித் தொட்டியில் போடுங்கள், பூக்க இரண்டு வருடமாவது ஆகும். விதையும் போடலாம், சுற்றிலும் சவ்வுச் சிறகு வைத்த மெல்லிய விதை, ஊதினாலே பறக்கும், அதனால் காற்றடிக்கிற நாளில் வெளியே உட்கார்ந்து விதைக்காதீர்கள்.