ஜீரோ பீர் குடித்துவிட்டு வண்டி ஓட்டலாமா? ஊதும் மெஷினில் காட்டுமா?

சூப்பர் மார்க்கெட் ஃபிரிட்ஜில் கோலா பாட்டிலுக்குப் பக்கத்தில், ஆல்கஹால் இல்லை என்று விற்கும் ‘ஜீரோ’ பீர் டின் நிற்கிறது. விலை கேட்ட கையோடு, “அண்ணாச்சி, இதைக் குடிச்சிட்டு வண்டி ஓட்டலாமா? ஊதச் சொன்னா காட்டுமா?” என்ற கேள்வியும் வரும். கேட்க வேண்டிய கேள்விதான். 0.0 என்று அச்சிட்ட டின் போதை ஏற்றாது. சட்டம் வைத்திருக்கும் அளவுக்குக் கிட்டத்தில்கூட ரத்தத்தைக் கொண்டுபோகாது. 0.5 சதவீத டின் ஒன்றிரண்டு குடித்தாலும் அதே கதைதான். அப்படியும் ஆட்கள் சிக்கலில் மாட்டக் காரணங்கள் உண்டு: லேபிளைத் தப்பாகப் படிப்பது, குடித்த வாயோடு ஊதுவது, வேறு எதையோ குடித்துவிட்டு இந்த டின்னை நம்பிக் கிளம்புவது.

முதலில் டின்னைத் திருப்புங்கள்

முன்பக்கத்துப் பெரிய எழுத்தை நம்பாதீர்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று இருக்கும். ‘ஏபிவி’ என்றோ ‘வி/வி’ என்றோ குறித்திருப்பார்கள். 100 மில்லியில் எத்தனை மில்லி ஆல்கஹால் என்பதுதான் அதன் பொருள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 மதுபான விதிகளின்படி 0.5 சதவீதத்தைத் தாண்டினால்தான் அது மதுபானம். ஆகவே ‘ஆல்கஹால் இல்லாதது’ என்று எழுதிய டின்னில் சொட்டுக்கூட இருக்காது என்று பொருளில்லை. வழக்கமான பீரைக் காய்ச்சி, பிறகு ஆல்கஹாலைப் பிரித்தெடுப்பது ஒரு முறை. நொதிப்பை ஆரம்பத்திலேயே நிறுத்திவிடுவது இன்னொரு முறை. இரண்டிலும் கொஞ்சம் தங்கிவிட வாய்ப்பு உண்டு.

அடுத்து, எச்சரிக்கை வாசகத்தைத் தேடுங்கள். மது உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள் என்ற வாசகம் இந்தியாவில் விற்கும் மதுபானங்களில் கட்டாயம் இருக்க வேண்டும். அது இருந்தால் கையில் இருப்பது சரக்கு, மேலே என்ன பெயர் போட்டிருந்தாலும் சரி. வாங்கிய இடமும் ஒரு துப்பு. தமிழ்நாட்டில் நிஜ பீர் டாஸ்மாக்கிலும் உரிமம் பெற்ற பார்களிலும்தான் கிடைக்கும். மளிகைக்கடை ஃபிரிட்ஜுக்கு வராது. வளைகுடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்ததும், விமான நிலையக் கடையில் வாங்கியதும் இந்தக் கணக்கில் சேராது. அவற்றை வரி விடாமல் படிக்க வேண்டும்.

பெயரில் இரண்டு பொறி இருக்கிறது. ‘ஜீரோ சுகர்’, ‘லைட்’ என்றால் சர்க்கரையோ கலோரியோ குறைவு என்று அர்த்தம். ஆல்கஹால் முழுசாக இருக்கலாம். இன்னொன்று ‘ராட்லர்’. இங்கே விற்கும் கிங்ஃபிஷர் ராட்லரில் ஆல்கஹால் இல்லை. ஆனால் ஐரோப்பாவில் ராட்லர் என்றால் பீரும் எலுமிச்சைச் சோடாவும் கலந்தது. பெரும்பாலும் 2 சதவீதத்தை ஒட்டி ஆல்கஹால் இருக்கும். ஹைனெகன், பட்வைசர் இரண்டிலும் ‘0.0’ வகையும் உண்டு, நிஜ பீரும் உண்டு. இரண்டிலும் மேலே இருக்கும் பெயர் ஒன்றுதான். கல்யாண வீட்டு ஐஸ் டப்பாவில் கையை விட்டு எடுக்கும்போது எண்ணைப் பார்த்து எடுங்கள்.

கணக்கு

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185 சொல்லும் எல்லை: 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால். அதைத் தாண்டினால் குற்றம். என்ன குடித்தீர்கள் என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை, ரத்தத்தில் எவ்வளவு என்றுதான் கேட்கிறது. அதனால் எந்தப் பானத்துக்கும் ஒரே கணக்குப் போதும்.

மில்லியைச் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுங்கள். வருவதை 0.79-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் கிராமில் கிடைக்கும். அந்தக் கிராமை, ‘உடல் எடை × 0.68’ என்ற எண்ணால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 100 மி.லி. ரத்தத்தில் சுமாராக எத்தனை மி.கி. என்று தெரியும். பெண்களுக்கு 0.68-க்குப் பதில் 0.55, உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் கூடுதலாக நிற்கும்.

60 கிலோ ஆண் 330 மி.லி. டின் ஒன்றைக் குடிக்கிறார், 0.5 சதவீதம் என்று வைப்போம். ஆல்கஹால் 1.65 மி.லி., அதாவது 1.3 கிராம். ரத்தத்தில் சுமார் 3 மி.கி. எல்லை 30. ஆரோக்கியமான ஈரல் மணிக்கு ஏறத்தாழ 15 மி.கி. குறைத்துவிடும் (ஆளுக்கு ஆள் 10 முதல் 20 வரை). ஆகவே அந்த 3 மி.கி. கால் மணி நேரத்துக்குள் கரைந்துவிடும். 30-ஐத் தொட வேண்டுமென்றால் ஒரு மணி நேரத்தில் 14 டின், நாலரை லிட்டருக்கு மேல் உள்ளே போக வேண்டும். வயிறு அதற்கு இடம் கொடுக்காது. 50 கிலோ பெண்ணுக்கு ஒரு டின் சுமார் 5 மி.கி. அதுவும் எல்லைக்கு எட்டாத தூரம். 0.0 டின்னில், 0.0 என்று சுருக்கி எழுதியதில் மறைந்த மிச்சம் 0.05 சதவீதம் என்று தாராளமாக வைத்தாலும் 0.3 மி.கி.தான் வரும்.

இதே ஆள் 5 சதவீத நிஜ பீர் 650 மி.லி. பாட்டிலில் பாதி குடித்தாலே 31. எல்லை தாண்டியாயிற்று. 8 சதவீத ஸ்ட்ராங் பாட்டில் முழுசாகப் போனால் 100. “ஒரு பீர்தானே” என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. ஜீரோ டின் நாலு, நடுவில் ஒரு நிஜ பீர் என்று கலந்து குடிப்பவர் அந்த ஒரு பீருக்குத்தான் மாட்டுவார்.

“ரெண்டு டின் போட்டேன், தலை கிறுகிறுங்குது” என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. மணம், கசப்பு, நுரை, கூட்டாளிகள் எல்லாம் சேர்ந்தால் பழகிய மூளை போதையை எதிர்பார்க்கும். வாயு ஏறி வயிறும் உப்பும். ரத்தத்தில் ஒன்றும் இருக்காது. ஆனால் நிஜமாகவே தலை சுற்றினால் காரணம் எதுவானாலும் வண்டியை எடுக்காதீர்கள். இன்னொரு சந்தேகம், வெயிலில் காருக்குள் கிடந்த டின் புளித்துச் சரக்காகிவிடுமா என்பது. ஆகாது. கிருமி நீக்கி மூடிய டின்னுக்குள் நொதிக்க ஈஸ்ட் இல்லை. ருசி கெடும், டின் உப்பும், அவ்வளவுதான்.

ஊதும் இடத்தில் என்ன நடக்கிறது

மெஷின் நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்றில் உள்ள ஆல்கஹாலை அளந்து ரத்த அளவாக மாற்றிக் காட்டுகிறது. சிக்கல் வாயில்தான். இப்போதுதான் விழுங்கிய 0.5 சதவீத பீரின் ஈரம் ஈறிலும் நாக்கிலும் இருந்தால், ரத்தத்தில் ஒன்றுமில்லாமலே சில நிமிடங்களுக்கு எண் காட்டலாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் இதைவிட மோசம். சிலவற்றில் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும். வாயை மறைக்கக் கொப்பளித்தவரே அதிக எண்ணோடு மாட்டுவது இப்படித்தான். ஏப்பம் வந்தாலும் வயிற்றிலிருந்து ஆவி மேலேறும்.

அதனால் கடைசி மடக்கு முடிந்ததும் தண்ணீரால் வாய் கொப்பளித்து, 15 நிமிடம் கழித்து வண்டியை எடுங்கள். ஓட்டிக்கொண்டே குடிக்காதீர்கள். நான்குவழிச்சாலையில் ஒரு கையில் பீர் டின்னோடு போகும் ஆளை நிறுத்தாத போலீஸ்காரர் இருக்க மாட்டார். நிறுத்துவதில் தப்பும் இல்லை. காலி டின்னும் பில்லும் வண்டியில் இருக்கட்டும். அவை சாட்சியம் ஆகாது, பேச்சைச் சுருக்க உதவும்.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையிலோ நாங்குநேரிப் பக்கமோ தடுப்பு போட்டு நிறுத்தினால்: இன்ஜினை அணைத்துவிட்டு, என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்கு என்று நேராகச் சொல்லுங்கள். புதுக் குழாய் மாட்டச் சொல்லுங்கள். ஊதுவதற்கு முன் திரையில் பூஜ்யம் நிற்கிறதா என்று பாருங்கள். எண் வந்து, நீங்கள் குடித்தது ஜீரோ மட்டும்தான் என்றால், 15 நிமிடம் கழித்து மறுபடி ஊத அனுமதி கேளுங்கள். வாய் ஆல்கஹால் அதற்குள் விழுந்துவிடும். ரத்தத்தில் இருப்பது அப்படியே நிற்கும். ரசீது வரும் மெஷின் என்றால் நேரத்தோடு அச்சிட்ட தாளைக் கேளுங்கள்.

ஊத மறுக்க மட்டும் செய்யாதீர்கள். சந்தேகத்துக்கு நியாயமான காரணம் இருந்து நீங்கள் மறுத்தால், பிரிவு 203-இன்படி வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். காரணமில்லாத மறுப்பு வழக்கில் உங்களுக்கு எதிராகவே நிற்கும் என்கிறது பிரிவு 205. ஜீரோ குடித்தவருக்குத் தன்னைக் காப்பாற்றும் ஒரே சாட்சி அந்த எண்தான், அதை ஏன் விட வேண்டும்? கைது வரை போனால் பிரிவு 204-இன்படி பதிவு பெற்ற மருத்துவர் மூலம் ரத்தப் பரிசோதனைக்கு வழியிருக்கிறது. மெஷின் தப்பு என்று உறுதியாக இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். நேரம் போகப் போக ரத்தத்தில் அளவு மாறும் என்பதால் தாமதிக்காமல் கேட்க வேண்டும்.

30-ஐத் தாண்டியது நிரூபணமானால் முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு வந்த தொகைகள் இவை. பீர் வாடை அடிப்பது மட்டும் பிரிவு 185-இல் குற்றமில்லை. ஊதச் சொல்ல அது காரணமாகும். பள்ளிப் பேருந்து, கம்பெனி வண்டி ஓட்டுகிறவர்கள் வேறுமாதிரி யோசிக்க வேண்டும். பல முதலாளிகள் பூஜ்யம்தான் எல்லை என்று வைத்திருக்கிறார்கள். அங்கே சட்டத்தின் 30 உங்களுக்கு உதவாது. பணி நாளில் 0.5 டின் வேண்டாம்.

நம் ஊரில் பார்க்க வேண்டிய வேறு சில

ராதாபுரம், திசையன்விளை, உடன்குடிப் பக்கம் வண்டி ஓட்டுகிறவருக்கு ஜீரோ டின்னைவிடப் புளித்த பதனிதான் பெரிய ஆபத்து. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் அதன் காரம் ஈஸ்ட்டை வளரவிடாது, இறங்குவது பதனி. சுண்ணாம்பு இல்லாமல் இறங்குவது கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு. சுண்ணாம்பு குறைவாகப் பட்ட பதனி, வெயில் ஏற ஏற குடத்துக்குள்ளேயே திரும்ப, அதாவது புளிக்க, ஆரம்பிக்கும். நல்ல பதனியைப் பனையோலைப் பட்டையில் ஊற்றினால் நுரை சற்று நேரத்தில் அடங்கும், தொண்டையில் இனிப்போடு லேசாகச் சுண்ணாம்பு தெரியும். திரும்பியதில் ஓரமெல்லாம் பொடி நுரை பூத்துக்கொண்டே இருக்கும், புளித்த மாவு வாடை வரும், நாக்கு நுனியில் சுருக்கென்று குத்தும். அது 2 சதவீதம் எட்டியிருந்தால் 300 மி.லி. டம்ளர் ஒன்றுக்கு அந்த 60 கிலோ ஆளுக்கு 12 மி.கி. ஏறும். மூன்று டம்ளரில் எல்லை தாண்டும், அதுவும் பதனி குடித்தோம் என்ற நினைப்பிலேயே. காலையில் இறக்கியதைக் காலையிலேயே குடியுங்கள். மத்தியானத்துக் குடத்தை முகர்ந்து பார்த்து விடுங்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. செங்கோட்டை தாண்டிக் கேரளக் கள்ளுக்கடையில் 5 சதவீதக் கள் அரை லிட்டர் குடித்தால் 48 மி.கி. அந்த மலைவழியில் திரும்பி ஓட்டக் கூடாது.

ஆயுர்வேத மருந்தான அரிஷ்டத்தில் நொதிப்பால் தானாக உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது. 10 சதவீதம் உள்ளதில் 30 மி.லி. குடித்தால் 2.4 கிராம், ஏறத்தாழ இரண்டு 0.5 டின்னுக்குச் சமம். ரத்தத்துக்கு அது அற்பம், ஆனால் வாயில் பிடித்துக்கொள்ளும். குடித்துக் கொப்பளித்து 15 நிமிடம் பொறுங்கள். கிறிஸ்துமஸுக்குப் பாளையங்கோட்டை வீடுகளில் போடும் திராட்சை வைன் ‘வீட்டு வைன்’ என்பதால் லேசானது ஆகிவிடாது. 10 சதவீதம் ஏறியிருந்தால் 100 மி.லி.க்கு 19 மி.கி. நாலு வீட்டில் மரியாதைக்கு வாங்கிக் குடித்தால் எண்ணிப் பாருங்கள்.

சிலர் ஜீரோ டின்னையே தொடக் கூடாது. குடியை நிறுத்த டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு 0.5 சதவீதம்கூட வாந்தி, படபடப்பு, முகச் சிவப்பைக் கிளப்பலாம். (அந்த மாத்திரையை ஆளுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கும் வீடுகள் தயவுசெய்து நிறுத்துங்கள், உயிருக்கே ஆபத்து.) குடியை விட்டவருக்கு அந்த மணமே பழைய ஆசையைக் கிளப்பும், “இதுல ஒண்ணுமில்ல” என்று கையில் திணிக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் ஈரல் நோயாளிகளுக்கும் மருத்துவர் சொன்னதுதான் அளவு. சர்க்கரை உள்ளவர்கள் மால்ட்டின் இனிப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கடைசியாக, மறுநாள் காலைக் கணக்கு. ராத்திரி 10 மணிக்கு இரண்டு ஸ்ட்ராங் பாட்டில் முடித்தவரின் ரத்தம் 200 மி.கி.யில் இருக்கும். மணிக்கு 15 வீதம் 30-க்கு இறங்க 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலை 7 மணிக்குக் குற்றாலத்தில் குளித்து, ஒரு ஜீரோ டின் குடித்துவிட்டு வண்டி எடுத்தால் மெஷின் 65-ஐ ஒட்டிக் காட்டும். அருவியும் காபியும் மோரும் அதில் ஒரு புள்ளியைக்கூடக் குறைக்காது. ஒன்பதரை மணிக்கு மேல்தான் அவர் சாவியைத் தொடலாம், அதுவும் ஈரல் ஒழுங்காக வேலை செய்தால்.