மேக்ஃபைலில் நேர முத்திரை: சரியாக வருகிறதா என்று பார்ப்பது எப்படி?

பில்டு ஆகி (மூல நிரலிலிருந்து உருவாகி) வரும் கோப்பின் பெயரில் தேதியும் நேரமும் வேண்டுமா? மேக்ஃபைலில் (மேக் என்ற பில்டு கருவி படிக்கும் கோப்பு) ஒரு வரி போதும்: 'நேரம்' என்று ஒரு மாறி, அதன் மதிப்பாக $( ) அடைப்புக்குள் ஷெல் டேட் கட்டளை. எழுதுவது சுலபம், சோதிக்கும்போதுதான் ஏமாறுவோம். மேக்கின் குனூ பதிப்பு (குனூ மேக்) உங்களிடம் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் வடிவம். இதற்கு மேக்ஃபைலே வேண்டாம், டெர்மினலில் பார்த்தால் போதும். % குறியை அடுத்து சின்ன எம் வந்தால் மாதம், பெரிய எம் வந்தால் நிமிடம். (ஜாவாவில் அப்படியே தலைகீழ். ஜாவாவின் பில்டு கருவியான மேவனிலிருந்து வருபவர்கள் கவனம்.) இப்போதைய நேரத்தை வைத்துச் சோதித்தால் இந்தக் குழப்பம் கண்ணில் படாமலே போகலாம். நான் எப்போதும் 1234567890 என்ற எபோக் எண்ணைத்தான் (1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகள்) கொடுப்பேன். லினக்ஸில் -டி போட்டு @ குறியோடு, ஆப்பிள் கணினியில் -ஆர் போட்டு. கூடவே யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) -யு. ஆண்டு, மாதம், நாள், சிறு கோடு, மணி, நிமிடம், நொடி என்ற வடிவத்தில் 20090213-233130 என்று வர வேண்டும். மாதம், நாள், மணி, நிமிடம், நொடி ஐந்தும் வேறு வேறு எண்கள் என்பதால் எது இடம் மாறினாலும் தெரிந்துவிடும். -யு விட்டுப்போனால் இந்திய நேரத்தில் 20090214-050130 என்று தேதியே மாறிவிடும்.

அடுத்தது = போடுவதா, := போடுவதா என்பது. = போட்டால் மாறியைத் தொடும் ஒவ்வொரு முறையும் டேட் புதிதாக ஓடும். டார் தொகுப்புக் கோப்பு ஒரு பெயரில் உருவாகும், பதிவேற்றும் டார்கெட் (மேக்ஃபைலில் பெயரிட்டு வைக்கும் ஒரு வேலை) வேறு பெயரைத் தேடும். := ஒரே முறை கணக்கிட்டு வைத்துக்கொள்ளும்.

இதைச் சோதிக்க ஒரே ரெசிபிக்குள் (ஒரு டார்கெட்டின் கட்டளை வரிகள்) எக்கோ (மதிப்பைக் காட்டும் கட்டளை), ஸ்லீப் 2 (இரண்டு நொடி காத்திருக்கும்), மறுபடி எக்கோ என்று எழுதாதீர்கள். = போட்டிருந்தாலும் இரண்டும் பெரும்பாலும் ஒரே நொடியைத்தான் காட்டும். காரணம், முதல் வரியை ஓட்டும் முன்பே மேக் அந்த ரெசிபியின் எல்லா வரிகளிலும் மாறிகளை விரித்துவிடுகிறது. இரண்டு டார்கெட்டுகளாகப் பிரியுங்கள். முதலாவதில் எக்கோவும் ஸ்லீப்பும், அதைச் சார்ந்த இரண்டாவதில் இன்னொரு எக்கோ. இப்போது = போட்டால் இரண்டு நொடி வித்தியாசம் தெரியும், := போட்டால் தெரியாது.

ரெசிபிக்குள் நேரடியாக ஷெல்லின் $( ) வேண்டுமென்றால் $$ போடுங்கள். ஒற்றை $ போட்டால் மேக் அதைத் தன் மாறி என்று நினைத்து, சத்தமில்லாமல் வெற்றிடத்தை வைத்துவிடும்.

பின்சேர்க்கை: ஏற்கெனவே மதிப்பு இல்லாவிட்டால் மட்டும் மதிப்பு தரும் ?= போடலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதுவும் = மாதிரிதான், ஒவ்வொரு முறையும் ஓடும். கட்டளை வரியில் மதிப்பு தருவதற்கு அது தேவையே இல்லை, := இருந்தாலும் கட்டளை வரிதான் வெல்லும். சூழல் மாறியிலிருந்து எடுக்க வேண்டுமானால் ?= வரியை அப்படியே விட்டு, அதன் கீழே நேரம் := $(நேரம்) என்று ஒரு வரி சேருங்கள்.