கருப்பு மலை அணிலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

பர்மாவில் (மியான்மரில்) மோல்மேன் நகரத்திலிருந்து யே என்ற ஊருக்குப் போகும் பக்கம், ரப்பர் தோட்டங்கள் முடிந்து மலைக்காடு தொடங்குகிறது. அங்கே கருப்பு மலை அணிலைப் பார்க்க வேண்டும் என்று நம் பிள்ளைகள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். முதலில் பழுத்த மரத்தைக் கண்டுபிடியுங்கள், அணில் தானாக வரும். அது தரைக்கு இறங்குவதே அபூர்வம். காடு முழுக்கச் சுற்றினாலும் உச்சாணிக் கிளையில் இருப்பது கண்ணில் படாது.

எந்த மரம் பழுத்திருக்கிறது என்று ரப்பர் பால் வெட்டுகிறவர்களைக் கேளுங்கள். விடியுமுன்னே தோட்டத்தில் நிற்பவர்கள் அவர்கள்தான். பெரிய அத்தி மரம் கிடைத்தால் யோகம். இருவாச்சிப் பறவையும் அங்கே வரும். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போய்விடுங்கள். மழைக்காலம் வேண்டவே வேண்டாம். இந்தக் கடற்கரைப் பக்கம் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும், அட்டையும் காலை விடாது.

இது பகலில் நடமாடும் பிராணி. காலை ஆறு மணிக்கெல்லாம் மரத்துக்குச் சற்றுத் தள்ளி, ஏதாவது தூரில் சாய்ந்து உட்காருங்கள். பேச்சு கூடாது. முதலில் காதில்தான் விழும்: சருகின்மேல் பொட்டு பொட்டென்று பழத்தோலும் கொட்டையும். அப்புறம் காற்றே இல்லாமல் ஒரு கிளை மட்டும் ஆடும். குரங்கென்றால் கூட்டமாக வந்திருக்கும். இது பெரும்பாலும் தனியாகத்தான் வரும்.

இப்போது தொலைநோக்கியை எடுங்கள். முதுகு கன்னங்கரேல், கன்னமும் வயிறும் வெளிர்மஞ்சள். வால் உடம்பைவிட நீளம்; மூக்கிலிருந்து வால் நுனிவரை ஒரு மீட்டர்கூட வரும். அது தின்பதை அவசரமில்லாமல் பாருங்கள். கிளைக்குக் குறுக்கே உட்காரும். ஒரு பக்கம் தலையும் கைகளும், மறுபக்கம் தொங்கும் வால். தராசுபோல் உடம்பை நடுவில் நிறுத்திக்கொண்டு, பழத்தை இரண்டு கையாலும் உருட்டி உருட்டிக் கடிக்கும். இவ்வளவு பெரிய உடம்பு மெல்லிய கிளையில் கொஞ்சமும் தடுமாறாது. எனக்கு இது எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை.

கரகரவென்று கத்தத் தொடங்கினால் உங்களைப் பார்த்துவிட்டது. அசையாமல் இருங்கள். கத்தல் நிற்கவில்லையா, சரி, எழுந்து விலகிவிடுங்கள்.

உயரத்தில் இலையும் சுள்ளியுமாக உருண்டைக் கூடு தெரிந்தால் அதன் கீழே உட்காராதீர்கள். ஒரு ஈற்றில் ஒன்றிரண்டு குட்டிதான். நாயும் உண்டிவில்லும் வீட்டிலேயே இருக்கட்டும். காட்டை வெட்டியும் கறிக்காக வேட்டையாடியும் இந்த அணில் குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே படம் போட்டால் இடத்தின் பெயரைப் போடாதீர்கள். முகம் தெரியாதவர் கேட்டால் மரத்தைக் காட்டாதீர்கள்.